இரண்டாவது ஊசி

மூடி இறங்கிவிட்டது. இனி மெஷின் அதுபாட்டுக்கு ஓடும், நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சாப்பிடப் போயிருக்கலாம். கூட வேலை பார்க்கிற சாகிதா கூப்பிடத்தான் செய்தாள், வாங்கக்கா, அது என்ன பச்சப்புள்ளையா பக்கத்துலயே இருந்து பாக்கதுக்கு, என்று. பசிக்கலட்டி, நீ போ என்று சொல்லிவிட்டேன். பொய். வயிறு கூப்பாடு போடுகிறது. ஆனாலும் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மனசில்லை. திரையில் மூன்று கோடுகள், இப்போதைக்கு மூன்றும் ஒழுங்காக ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் போகின்றன. மஞ்சள் சாகிதா. பச்சை நான். நீலம் ஷைனி, என் மகள். நீலத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான், பள்ளிக்கூடத் தண்ணீர்பாட்டில் வாங்கின நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே நீலம், கை தானாகப் போய் அதை அமுக்கிவிட்டது. இன்றைக்கு இந்தத் தட்டில் நோயாளி ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மூன்றும் நல்ல ஆளுங்க ரத்தம். இங்கே அப்படித்தான் பேச்சு. கைநடுக்கம் வந்தவர்கள் ஒரு பக்கம், நல்ல ஆளுங்க ஒரு பக்கம். பார்க்கின்சன் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதி நோயாளி ரத்தம் வந்துவிடும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆள் ரத்தத்துக்கு எங்கே போக? ரோட்டில் போகிறவனைப் பிடித்து இழுக்க முடியுமா. லேபில் இருக்கிறவர்களே முறைவைத்துக் கையை நீட்டுவோம். நோயாளிகள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், அந்த வயசில் இங்கே இருக்கிறது நான் ஒருத்திதான், மற்றதெல்லாம் வாண்டுகள். அதனால் வருஷக்கணக்காக நல்ல ஆள் என்றால் எப்சிபாக்கா. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். போன வாரம் அந்த எப்சிபாக்காவின் கோடு படுத்துவிட்டது. நோயாளிகளோடு நோயாளியாக, ஒன்றிரண்டு பேருக்குக் கீழேயும். என்னக்கா உங்க கோடு இப்படிச் சொணங்கிக் கெடக்கு, ராத்திரி தூங்கலையா என்று சாகிதா சிரித்தாள். நானும் சிரித்தேன். குழியில செல் ஒட்டியிருக்காதுட்டி, இன்னொரு தடவ ஓட்டிப் பாப்போம் என்றேன். அந்த இன்னொரு தடவைதான் இது.

ஊசி என்று நாங்கள் சொல்லுகிறதே தவிர ஊசி ஒன்றும் கிடையாது. தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி, குழியின் அடியில் ரத்தத்திலிருந்து பிரித்த செல், மேலேயிருந்து மெஷின் ஒவ்வொரு துளியாக மருந்தைச் சொட்டும். செல் எவ்வளவு ஆக்ஸிஜனைக் குடிக்கிறது என்று பார்த்துக் கோடு போடும். முதல் ஊசியில் கோடு இறங்கும், யாருக்கும் இறங்கும். மூன்றாவது ஊசியில் அடங்கிப்போகும், யாருக்கும் அடங்கும். சங்கதி இரண்டாவதில்தான் இருக்கிறது. இரண்டாவது ஊசி செல்லின் தோளைப் பிடித்து உலுக்கும், உன்னால முடிஞ்ச மட்டும் ஓடு பாப்போம் என்று. நல்ல செல் என்றால் கோடு குபீரென்று எழும்பும். நோயாளி செல் கொஞ்சம் எழும்பி, மூச்சு வாங்கி, உட்கார்ந்துவிடும். இதைப் புரியவைக்க நான் வந்து போகிறவர்களிடம் கேஸ் அடுப்பைத்தான் சொல்லுவேன். சிம்மில் வைத்திருக்கிற வரைக்கும் தீ நன்றாகத்தான் நிற்கும், சிலிண்டர் தீரப்போகிறது என்று யாருக்குத் தெரியும், பெரிசாகத் திருப்பும்போதுதானே வண்டவாளம் தெரியும். கடைக்குப் போக, துணி மடிக்க, புருஷனோடு சண்டை போட, இதுக்கெல்லாம் சிம் போதும். மூளையின் அடியில் ஒரு மூலையில் கொஞ்சம் கறுத்த செல்கள் இருக்கின்றன, அதுகளுக்கு மட்டும் எந்நேரமும் தீ பெரிசாக வேண்டும். தீ தாழ்ந்தால் முதலில் போகிறது அதுகள்தான். அதுகள் போனால் கை ஆடும், நடை தேயும், முகம் கல்லாகும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் இதை. சொல்லி முடித்ததும் அவர்கள் ஆமா டாக்டர் என்பார்கள், நான் டாக்டர் இல்லை ஐயா, டெக்னீஷியன் என்பேன். ஒரு நாளாவது, சரி, உங்க சிலிண்டர் எப்படி இருக்கு என்று யாராவது கேட்டிருக்கலாம். மஞ்சள், பச்சை, நீலம். இன்னும் ஒன்றாகத்தான் போகின்றன. சிம்மில் எல்லோரும் ஒன்றுதான்.

அவள் ரத்தத்தை எதுக்கு எடுத்தேன்? இதுதான் காலையிலிருந்து மீன்முள்ளாகக் குத்துகிறது. மெஷின் ஒழுங்கா என்று பார்க்க ஓர் இளசு ரத்தம் வேண்டும், வாஸ்தவம், அதுக்குத்தான் சாகிதா கை நீட்டிவிட்டாளே. ஷைனி சோற்றுவாளியோடு வந்தாள். தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்திருக்கிறோம், ஏழு மாசம், வீட்டில் ஒரே இடத்தில் இருக்க மாட்டாள், மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து நிற்கிறாள். கை நிறையக் கண்ணாடி வளையல், வராந்தாவில் வரும்போதே சத்தம் கேட்கும். என்னம்மா, பாட்டில்ல என்ன, உன் ரத்தமா, என் ரத்தத்தையும் போட்டுப் பாரேன், நானும் என் கோட்டப் பாக்கணும் என்றாள், சினிமா டிக்கெட் கேட்கிற மாதிரி. அட போடி, மாசமா இருக்கிறவ ரத்தத்த யாராவது ஒப்பிட்டுப் பாக்கதுக்கு எடுப்பாங்களா என்று என் வாய் சொல்லுகிறது. என் கை ரப்பர் பட்டையை எடுக்கிறது. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என் கையை. வளையலை ஒதுக்கி, பஞ்சால் துடைத்து, நரம்பைத் தட்டி, ஒரு தேக்கரண்டி அளவு, அவ்வளவுதான். வலிச்சுதாட்டி? இல்லம்மா, உன் கை பஞ்சு. அதற்குள் சாகிதா உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள், எக்கா, மீன் கொழம்பா, படிக்கட்டு வரைக்கும் கூப்பிடுதே! நெத்திலி என்றாள் ஷைனி, நானே வச்சது. நான் திரும்பி வாளியைப் பார்த்தேன். வாளியின் மூடி பக்கத்தில்தான் திறந்து கிடக்கிறது. வாளி என் முழங்கைக்குப் பக்கத்தில். எனக்கு ஒன்றும் வரவில்லை. புளி இல்லை, மீன் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் காற்று. நெத்திலிட்டி, நெத்திலிக்கே அது ஒரு வாசம் என்று நானும் சேர்ந்து சொல்லிவைத்தேன். மாசமா இருந்துக்கிட்டு மீன் கழுவுனியா, கொமட்டலையாட்டி உனக்கு, எங்க அக்காவெல்லாம் மீன்னு சொன்னாலே ஓடுவா என்று சாகிதா கேட்டாள். எனக்கு ஒண்ணும் தெரியலையே என்றாள் ஷைனி. ஏழாம் மாசத்தில் குமட்டல் நின்றுபோகும். அதுதான். எல்லோருக்கும் நின்றுபோகும். எனக்கும் நின்றது. அதுக்கு மேலே அதில் ஒன்றும் இல்லை.

போன மழைக்குப் பால் தீய்ந்து, பாத்திரம் கருகி, வீடு முழுக்கப் புகை, எங்க வீட்டுக்காரர் மாடியிலிருந்து ஓடி வருகிறார், நான் அடுப்பு மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். மூக்கு அடைஞ்சிருக்கா உனக்கு என்று கத்தினார். ஆமா, ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் எத்தனை மாசத்துக்கு இருக்கும் எப்சிபா? இந்த நோயில் வாசனைதான் முதலில் போகும். கை ஆடுகிறதெல்லாம் பிறகு, எத்தனையோ வருஷம் பிறகு. இதையும் வந்து போகிறவர்களுக்கு நான் சொல்லுவேன். அம்மாவுக்கும் அப்படித்தான் போயிருக்கும், யாருக்குத் தெரியும், அம்மா அதையெல்லாம் சொல்லுகிற ஆளா. ரூபாவதி டீச்சர். பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல். நானும் அம்மா வகுப்பில்தான் நடு பெஞ்சில் இருந்தேன், பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு மைட்டோகாண்ட்ரியா என்ற பேரெல்லாம் அப்புறம் வந்தது, அம்மா சொல்லித் தந்தது இழைமணி. நூல் மாதிரியும் மணி மாதிரியும் இருக்கும், அதனால இழைமணி. செல்லுக்குச் சோறு பொங்கிப் போடுறது யாருட்டி என்று அம்மா கேட்க, இழைமணி என்று நாங்கள் கூரை அதிரக் கத்துவோம். கரும்பலகை நிறைய ஒரு செல் வரைவாள், சாக்பீஸ் கிறீச்சிடும். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து, டீச்சர் தெரியல, டீச்சர் தெரியல. கண்ணாடி வாங்கிப் போடுங்கட்டி என்று அம்மா எரிந்து விழுந்தாள். பிறகு நடு பெஞ்சுக்கே தெரியவில்லை. தலைப்பு நன்றாகத்தான் ஆரம்பிக்கும், போகப் போக எழுத்துச் சின்னதாகிக்கொண்டே போய் வரியின் கடைசியில் கடுகு. அம்மாவுக்கு மட்டும் அது பெரிசாகத்தான் தெரிந்தது. நல்லாத்தானே எழுதியிருக்கேன் என்று திரும்பி நின்று எங்களைப் பார்த்தாள், முகத்தில் கோபமும் இல்லை சிரிப்பும் இல்லை.

சாகிதா நேற்று டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, எக்கா, என்னக்கா எறும்பு மாதிரி எழுதி வச்சிருக்கீங்க, பூதக்கண்ணாடி வாங்கித் தாங்க என்றாள். டியூப் சின்னது. அந்த ஒட்டுக்காகிதம் சின்னது. அதில் வேறு எப்படி எழுதுகிறது, சுவரொட்டி மாதிரியா எழுத முடியும்? எல்லா டியூபும் என்றைக்கும் சின்னதுதானே. அடச்சே. முதல் ஊசி சொட்டிவிட்டது போல, கோடுகள் இறங்குகின்றன. இறங்கட்டும். அம்மா ஈஸ்டர் ஆராதனையில் நற்கருணை வாங்க வரிசையில் போனாள். முழங்காலில் நின்று கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தாள், கிண்ணம் பல்லில் பட்டுக் கிணுகிணு என்று ஆடியது, கோயில் முழுக்க அமைதி, அந்தச் சத்தம் மட்டும். திராட்சரசம் வெள்ளைச் சேலையில் வழிந்தது. பாதிரி ஐயர் கிண்ணத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார். அம்மா எழுந்து, திரும்பி, எங்கள் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள், அதற்குப் பிறகு சாகும்வரை கிண்ணம் வாங்க முன்னால் போகவே இல்லை. டீச்சருக்குக் கர்வம் என்று சபையில் பேச்சு. என் கலியாணப் படம் ஒன்றில்கூட அம்மா சிரிக்கவில்லை, பொண்ணக் குடுக்க இஷ்டமில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். சிரிக்கத்தான் செய்தாள், எனக்குத் தெரியும், உள்ளே சிரித்தாள், அது முகத்துக்கு வந்து சேரவில்லை. அதே கலியாணத்தில்தான் எல்லோரும் என் தாடையைப் பிடித்துச் சொன்னார்கள், ரூபாவதியை அப்படியே உரிச்சு வச்சிருக்கா பாரு என்று. கண்ணு, மூக்கு, நெற்றி, விரல். ஷைனி பிறந்தபோது அதையே என்னை வைத்துச் சொன்னார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு. மாமியாரிடம் போய் இரண்டு தடவை சொல்லிக்காட்டினேன்.

இழைமணி அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அப்பாவுக்கு அதில் பங்கு கிடையாது. கண்ணுக்கும் மூக்குக்கும் இரண்டு பக்கமும் சண்டை போடலாம், இதில் சண்டைக்கே இடமில்லை, அம்மாவுடையது எனக்கு, என்னுடையது ஷைனிக்கு, ஷைனியுடையது அந்த வயிற்றுக்குள் இருக்கிறதுக்கு. பொறு. பொறு எப்சிபா. இந்த நோய் எல்லோருக்கும் தாய்வழியில் வருகிறதா என்ன? பெரும்பாலோருக்கு இல்லவே இல்லை. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், பயப்படாதீங்கம்மா, உங்க பிள்ளைக்கு வரணும்னு ஒண்ணும் இல்ல என்று, அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். நான் சொன்னது நிஜம்தான். ஒரு நாள் ஓட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதுவும் நிஜம். ஷைனி மாசமாக இருக்கிறாள், அவள் கோடு எப்படிப் போனாலும் கணக்கில் சேராது, அதுவும் நிஜம். நிஜமெல்லாம் என் பக்கம்தான் இருக்கிறது, பிறகு ஏன் கண் திரையை விட்டு நகர மாட்டேன் என்கிறது? இன்னொன்று இருக்கிறதே. மூன்றாவது ஊசி. அதில் இருக்கிறது ஒரு வேரிலிருந்து எடுக்கிற விஷம், குளத்தில் கலந்தால் மீன் மயங்கி மிதக்குமாம். இழைமணியின் கழுத்தைப் பிடித்து நெரிக்கும். எலிக்குத் தொடர்ந்து கொடுத்தால் எலி விறைத்துப்போய், காலை எடுத்து வைக்கத் தெரியாமல் நிற்கும், அம்மா கடைசி வருஷங்களில் நிலைப்படியைத் தாண்டத் தெரியாமல் நின்ற மாதிரியே. அந்த விஷத்தை எத்தனை வருஷமாக நான்தான் எடை போடுகிறேன், நான்தான் கரைக்கிறேன். ஒரு தடவை கையுறை கிழிந்து நனைந்தது, குழாயில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். முன்னெல்லாம் முகத்துக்கு மறைப்பே கிடையாது, அந்த வெள்ளைப் பொடி பறக்கும். அப்படி இருக்கலாமே! அதனால் வந்திருக்கலாமே! எனக்கு வந்தது இந்த மேஜையில், இந்தப் பாட்டிலில், என் கவனக்குறைவில். அப்படியென்றால் அது என்னோடு முடிந்தது. ஷைனியின் கோடு எழும்பும், சாகிதா கோட்டைப் போல எழும்பும். ஆண்டவரே, விஷமாக இருக்கட்டும். நான் என் கையாலேயே என்னைக் கெடுத்துக்கொண்டதாக இருக்கட்டும். கை ஆடட்டும், முகம் கல்லாகட்டும், கிண்ணம் பல்லில் கிணுகிணுக்கட்டும், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். என் அம்மாவிடமிருந்து எனக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். இப்படி ஒரு ஜெபம் உண்டா? அம்மாவுக்குக் கேட்டால் என்ன நினைப்பாள்? அவளும் இதையேதான் கேட்டிருப்பாள்.

திரையின் ஓரத்தில் இரண்டாவது ஊசிக்கான விளக்கு வந்துவிட்டது. நீலத்தை மறைத்துவிட்டேன். பேரின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் கோடு மறையும், இன்னொரு தட்டில் வரும். கோடு மறையுமே தவிர குழிக்குள் நடக்கிறது நடந்துகொண்டுதான் இருக்கும், மருந்து அந்தச் செல்லைத் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டுதான் இருக்கும். ஓடு. முடிஞ்ச மட்டும் ஓடு. மெஷினுக்குள்ளே ஏதோ கிர்ரென்று சுற்றி நிற்கிறது. மஞ்சள் எழும்புகிறது, அம்மாடி, என்ன எழும்பு, திரையின் உச்சிக்கே போகிறது, சாகிதா நல்லா இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். மெஷின் ஒழுங்கு. மருந்து ஒழுங்கு. செல் ஒட்டவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. பச்சை தலையைத் தூக்குகிறது. இன்னும் கொஞ்சம், ஏ, இன்னும் கொஞ்சம், ஐம்பத்தைந்து வயசுக்கு மஞ்சளோடு ஓட வேண்டாம், பாதி போ, பாதி போனால் போதும். போகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சாய்கிறது. போன வாரம் சாய்ந்த அதே இடம். சரி. எனக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, சரி, இதில் அழ ஒன்றும் இல்லை, இதைத்தான் ஒத்துக்கொண்டேனே. வலது கையை மடியில் இடது கைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன், அது சும்மாதான் இருக்கிறது. இனி நீலம். இன்றைக்குப் பார்க்காமல் விடலாம். அழித்துவிடலாம். தட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள். பார்க்காமல் இருந்தால் இல்லையென்று ஆகிவிடுமா, ஆகாது, ஆனாலும் ஒரு ராத்திரியாவது தூங்கலாம், அவள் பிள்ளை பெற்றுக் கையில் வாங்குகிற வரைக்குமாவது.

வளையல் சத்தம். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஷைனி ஒரு கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வருகிறாள், என்னம்மா நீ இன்னும் சாப்பிடலையா, கொழம்பு ஆறிப்போச்சு, சாகிதாக்கா பாதிய முடிச்சுட்டாங்க. வாரேன், நீ போய் உக்காரு. என் கோடு எங்க? வரலைட்டி. ஏன், மஞ்சளும் பச்சையும் வந்திருக்கு, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்? அது சரியா விழல, மெஷின் மக்கர் பண்ணுது, நீ போ. பொய் சொல்லாத, உன் மூக்கு விடைக்குது என்று சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள். வயிறு என் முதுகில் இடித்தது, உள்ளே இருக்கிறது ஒரு உதை விட்டது, எனக்கே தெரிந்தது. தொடாதட்டி, ஷைனி, தொடாத. அவள் கை நீண்டு திரையில் அவள் பேரைத் தட்டிவிட்டது. நீலம் வந்தது. எழும்பின இடத்தில் எழும்பி, நின்ற இடத்தில் நின்று, சாய்ந்த இடத்தில் சாய்ந்து, பச்சையின் மேலேயே படுத்துக்கிடந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை. ஷைனி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டினாள், வளையலெல்லாம் குலுங்கியது. ம்மா, பாரேன், ரெண்டும் ஒண்ணாவே போகுது! சாகிதாக்கா, இங்க வந்து பாருங்களேன், அப்படியே எங்கம்மாவ உரிச்சு வச்சிருக்கேன்!

ஆமாட்டி என்றேன். சிரிக்கத்தான் செய்தேன். ஏம்மா சிரிக்க மாட்டேங்கிற என்று அவள் கேட்டாள்.